சினிமாவுக்குக் கதை சொல்லப் பணம் கட்டலாமா?

ராஜபாளையம் பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வருகிறார். உடனே தூங்குவதில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, சினிமாவுக்குக் கதை எழுதுகிறார். இப்படிப்பட்ட இளைஞர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

கதை முடிந்துவிட்டது. யாரிடம் சொல்வது? சென்னையில் அவருக்கு யாரையும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது.

"பெரிய பட அதிபரிடம் நீங்கள் கதை சொல்ல ஏற்பாடு செய்கிறோம். கட்டணம் கட்டினால் போதும்!"

வீட்டில் அம்மா எடுத்த சீட்டுப் பணம் இருக்கிறது. அதை எடுத்துக் கட்டலாமா?

வேண்டாம்! ஏன் என்று பார்ப்போம்.

பால்கோவா கணக்கு

ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்கோவா வாங்குகிறவர் காசு கொடுக்கிறார். விற்கிறவர் காசு வாங்குகிறார். "என் பால்கோவாவை ருசி பாருங்கள்" என்று கடைக்காரர் யாருக்காவது கட்டணம் கட்டுவாரா?

கதையும் ஒரு சரக்குதான். விற்பவர் எழுத்தாளர். வாங்குபவர் பட அதிபர். பணம் அங்கிருந்து இங்கே வர வேண்டும்.

முன்பு அப்படித்தான் நடந்தது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்று தனியாக ஓர் இலாகா இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினார்கள்.

அமெரிக்காவில்...

சினிமாவுக்குப் பேர் போன லாஸ் ஏஞ்சல்சிலும் இந்தக் கட்டண வியாபாரம் உண்டு. பணம் கட்டினால் சில நிமிடம் கதை சொல்லலாம். கேட்பவர் முதலாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சின்ன உத்தியோகஸ்தராகவும் இருக்கலாம்!

நடிகர்களுக்கும் இதே கதைதான். "பயிற்சி" என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு, நடிகர்களைத் தேர்ந்தெடுப்பவர்களைச் சந்திக்க வைத்தார்கள் என்று அங்கே புகார் எழுந்தது. 2017-ல் 5 பயிற்சி நிலையங்களைச் சேர்ந்த 25 பேர் மீது வழக்குப் போட்டார்கள். வேலை வாய்ப்புக்குக் காசு கேட்கக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம்.

எது சரியான வழி?

தமிழ்ப் பட உலகில் ஒரு பழைய வழி உண்டு. டைரக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்பது. விருதுநகர்க்காரரான வசந்தபாலன், டைரக்டர் ஷங்கரிடம் உதவியாளராக இருந்தார். பிறகு 2006-ல் "வெயில்" படத்தை இயக்கினார். அதைத் தயாரித்தவர் யார் தெரியுமா? அதே ஷங்கர்தான்! அந்தப் படம் தேசிய விருதும் பெற்றது.

இன்னொரு வழி குறும்படம். கலைஞர் டி.வி.யின் "நாளைய இயக்குனர்" போட்டியில் குறும்படம் எடுத்துக் காட்டியவர்கள் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும். பின்னர் "பீட்சா" (2012), "சூது கவ்வும்" (2013) படங்களின் மூலம் டைரக்டர் ஆனார்கள். இன்று கையில் உள்ள செல்போனிலேயே குறும்படம் எடுத்துவிடலாம்.

பதிவுச் சீட்டு

பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது கதையைப் பதிவு செய்யும் இடம்!

வருண் ராஜேந்திரன் என்பவர் "செங்கோல்" என்ற கதையை 2007-ல் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்தார். 2018-ல் "சர்கார்" படம் வெளிவர இருந்தபோது, இரண்டு கதைக்கும் கரு ஒன்று என்று புகார் செய்தார். அப்போது சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ், ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். விவகாரம் ஐகோர்ட்டு வரை போய், சமரசத்தில் முடிந்தது. படத்தில் வருணின் பெயர் இடம் பெற்றது. அவருக்குக் கை கொடுத்தது 11 ஆண்டுக்கு முந்தைய பதிவு!

ஒன்றை மறக்கக் கூடாது. வெறும் கருவுக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது. அதை விரித்து எழுதிய விதத்துக்கே உரிமை உண்டு. 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கதையை முழுவதும் எழுதுங்கள். பதிவு செய்யுங்கள். அதன் பிறகே பிறரிடம் சொல்லுங்கள். முன்பின் தெரியாத தரகரிடம் கதையையும் கொடுத்து, பணத்தையும் கொடுப்பது இரட்டை நஷ்டம்!

கேட்டுப் பாருங்கள்

பணம் கேட்பவர் எல்லோரும் மோசக்காரர் அல்ல. எழுதக் கற்றுத் தருகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது நியாயம்தான். ஆனால், "வாய்ப்பு வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்:

"உங்கள் மூலம் படமான கதை எது? அதை எழுதியவரிடம் நான் பேசலாமா?"

நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்திலும் நிற்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்கிறது. கதை கையில் தயார் என்றால் டிக்கெட் எடுங்கள். அம்மாவின் சீட்டுப் பணம் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும்!