பழைய காரும் பாடும் பெட்டியும்

அல்சூர், பிரேசர் டவுன், மல்லேஸ்வரம், ஜாலஹள்ளி என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதிகளில், தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று வாசலில் நிற்பதை இன்றும் காணலாம். பெரும்பாலும் அது ஃபியட்டாக இருக்கும்; இல்லையேல் அம்பாசடர். எங்கோ ஒன்றிரண்டு மோரிஸ் மைனரும், நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உண்டு. மின்னணுத் துறையில் முப்பதாண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், 1968-ல் பதிவான ஃபியட் 1100 ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதாலும், இந்த வண்டிக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வண்டியில பாட்டு கேக்கணும். என்ன செட்டு போடலாம்?" என்பதே அது.

கேள்வி சிறியதுதான். ஆனால் தவறான பதிலின் விலை பெரிது. சிவாஜிநகரிலோ ஜே.சி. ரோட்டிலோ எந்தக் கடைக்குப் போனாலும், "கட் பண்ணி புது செட் உக்கார வெச்சிரலாம் சார், பத்து நிமிஷ வேலை" என்பார்கள். உண்மைதான், பத்து நிமிட வேலைதான். இன்றைய ரேடியோ செட்டின் வாய் 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரம். அந்த அளவுக்கு டேஷ்போர்டு தகட்டை அறுத்துவிட்டால், ஐம்பது, அறுபது ஆண்டுகள் வந்த முகம் அன்றோடு போயிற்று. எஞ்சினுக்குப் பிஸ்டன் கிடைக்கும், கதவுக்கு ரப்பர் கிடைக்கும். வெட்டுப்படாத டேஷ்போர்டு குஜிரியில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த பாரம்பரிய வாகன விதிகள் ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் தருகின்றன. அந்த விதிகளின் கவலை சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை மாறக்கூடாது என்பதுதான். ரேடியோவைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் பழைய வண்டியை மதித்து வாங்க வருபவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது டேஷ்போர்டைத்தான்.

பழைய செட்டின் உருவம் ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டால் வழி தானாகப் புலப்படும். 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காருக்கென ஒரு ரேடியோவை விற்கத் தொடங்கி, 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார்கள். 1932-ல் ஜெர்மனியில் பிளாபங்க்ட் நிறுவனம் தன் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. அவையெல்லாம் வால்வு செட்டுகள். வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். பேட்டரியோ 6 அல்லது 12 வோல்ட். ஆகவே 'வைப்ரேட்டர்' என்ற துடிக்கும் சாதனம் ஒன்று பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து, டிரான்ஸ்பார்மர் வழியாக ஏற்றும். சாவியைத் திருப்பியதும் வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம் வருமே, அது இதுதான். பெரிய பெட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, முன்னால் தெரிந்தவை இடப்புறம் ஒலிக்கு ஒரு குமிழ், வலப்புறம் நிலையத்துக்கு ஒரு குமிழ், நடுவே முள் நகரும் சின்னக் கண்ணாடி. 1955-ல் முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோ வந்துவிட்டது. பெட்டி சுருங்கியது, வண்டுச் சத்தம் போயிற்று. ஆனால் அந்த இரண்டு குமிழ் முகம் மட்டும் 1980கள் வரை நிலைத்தது. நம் ஜாலஹள்ளி பெல் தொழிற்சாலையில் உருவான ஏசி 128 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் நாடெங்கும் ரேடியோக்களில் பாடிய காலம் அது. அங்கு வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் எத்தனை!

எனவே தேட வேண்டியது, அதே இரண்டு குமிழ் முகமும் உள்ளே புதிய உறுப்புகளும் கொண்ட செட். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிப்பட்ட 'பழைய பாணி' செட்டுகளை இன்றும் தயாரிக்கிறார்கள். சிலவற்றில் இரண்டு குமிழ்களுக்கு இடையிலுள்ள தூரத்தையும், அவை முன்னே நீட்டும் அளவையும் நம் வண்டிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வாங்குமுன் மூன்று அளவுகளை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: குமிழ்த் துளைகளின் மையத்துக்கு மையம், நடுவாயின் அகலமும் உயரமும், தகட்டுக்குப் பின்னாலுள்ள ஆழம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் வைப்பர் இணைப்புக் கம்பியும் ஸ்பீடாமீட்டர் கேபிளும் போகும் வழி எது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. அமெரிக்காவிலுள்ள மகனோ மகளோ ஆசையாக வாங்கி அனுப்பும் செட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. அங்கே மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. 1978 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த ஜெனீவா ஏற்பாட்டின்படி இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இடைவெளி 9. பெங்களூரு வானொலிக்கு ஒதுக்கிய அலை 612. அதாவது 9-ன் 68 மடங்கு. அமெரிக்கச் செட்டு 610-ல் நிற்கும், அடுத்துத் தாவினால் 620. 612-ல் நிற்கவே நிற்காது. 610-ல் வைத்தால் ஏதோ கேட்கும், தொண்டை கட்டியவர் பேசுவதைப் போல. வேடிக்கை என்னவென்றால், சென்னை ஏ நிலையத்தின் 720 இரண்டு வாய்ப்பாட்டிலும் வருவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை! எஃப்எம்மிலும் இதே கதை. அமெரிக்காவில் 91.1, 91.3 என்று ஒற்றைப்படையாகத்தான் தாவும். 104.0 என்று ஒரு நிலையம் இருந்தால் அது 103.9-க்கும் 104.1-க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நல்ல செட்டுகளில் நாட்டுக்கேற்ப இதை மாற்றும் ஏற்பாடு இருக்கும். இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். பழைய முள் செட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. குமிழைத் திருப்பிய இடத்தில் நின்று பாடும்.

ஐரோப்பியச் செட்டுகளில் 'டிஏபி' என்ற டிஜிட்டல் வானொலி வசதிக்காகக் கூடுதல் விலை வாங்குகிறார்கள். அது இங்கே வீண். அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்த டிஜிட்டல் முறை 'டிஆர்எம்'. ஒன்றின் ஒலிபரப்பை மற்றதன் பெட்டி வாங்காது. நாட்டில் பல மத்திய அலை ஒலிபரப்பிகளும் அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்டன. ஆகவே நம் ஊர் காருக்கு எஃப்எம் கட்டாயம், மத்திய அலை இருந்தால் நல்லது. இந்தியாவின் முதல் தனியார் எஃப்எம் நிலையம் 2001 ஜூலை 3 அன்று இந்த நகரில்தான் பிறந்தது என்பதையும், 'ஆகாசவாணி' என்ற பெயரே மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935-ல் தம் இல்லத்தில் தொடங்கிய நிலையத்தின் பெயர் என்பதையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அடுத்தது எர்த் விவகாரம். இதில் அசட்டை கூடாது. நண்பர் ஒருவர் தம் 1950களின் மோரிஸ் மைனருக்குப் பழைய பாணி செட்டு ஒன்றை வரவழைத்து, மாட்டும் முன் என்னைக் கூப்பிட்டார். பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்தோம். பாடியோடு இணைந்திருந்தது பாசிட்டிவ் முனை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். ஃபியட் நேர் எதிர். இன்றைய செட்டுகளின் உலோக உறை நெகட்டிவ். அதை பாசிட்டிவ் பாடியில் முடுக்கினால் நேரே ஷார்ட். "உறைக்கு ரப்பர் சுத்தி மாட்டிடலாமே" என்றார் நண்பர். உறைக்குச் சுற்றலாம், ஆன்டெனா ஒயரின் மேல் வலையும் பாடியைத் தொடுகிறதே, அதை எப்படிச் சுற்றுவது?

வண்டியையே நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. பேட்டரி இணைப்பைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களை இடம் மாற்றி, அம்மீட்டர் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவுக்குப் புதிய திசையைப் 'பழக்க' வேண்டும்: எஃப் முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரால் அந்த முனையை இரண்டு மூன்று தடவை கணநேரம் தொட்டு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எஞ்சினை ஓட்டினால் டைனமோ எதிர்த்திசையில் மின்சாரம் தரும். வண்டியைத் தொடவே மனமில்லாதவர்கள், உள்ளும் புறமும் மின்தொடர்பற்ற டிசி மாற்றி ஒன்றை இடையில் வைக்கலாம். அப்போதும் செட்டின் இரண்டு மின் ஒயர்களும் மாற்றியிலிருந்தே வர வேண்டும். டிரான்சிஸ்டர் காலத்துப் பழைய செட்டுகள் பலவற்றில் எர்த்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு சுவிட்சோ பிளக்கோ இருக்கும். கிடைத்த பழைய செட்டை மாட்டுபவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரிலும் ஒரு பொறி உண்டு. பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையைப் பாடியிலேயே எர்த் செய்து ஒரே ஒயரை இழுத்திருப்பார்கள். இன்றைய செட்டின் ஒலிபெருக்கி 'பிரிட்ஜ்' வகை. இரண்டு ஒயரும் உயிருள்ளவை. ஒன்றைப் பாடியில் தொட்டால் உள்ளிருக்கும் ஐசி போய்விடலாம். ஆகவே ஸ்பீக்கருக்குப் புதிதாக இரட்டை ஒயர் இழுப்பதே முறை. எஸ்.பி. ரோட்டில் நல்ல செம்பு ஒயர் கிடைக்கும்; நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அலுமினிய ஒயர் வாங்காதீர்கள்.

மின்சாரக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு 45 வாட் ஹெட்லைட் எரிந்தால் 7.5 ஆம்பியர். இக்னிஷன் காயில் மூன்று நான்கு. செட்டு நன்றாகப் பாடினால் இன்னொரு மூன்று. மாலை ஏழு மணிக்கு சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் ஐட்லிங்கில் நின்றால், டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. எல்லாம் பேட்டரியின் கணக்கில். ஆல்டர்னேட்டர் மாற்றியவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. இன்னொன்று, புது செட்டுகளில் நிலையங்களை நினைவில் வைக்க எப்போதும் உயிரோடிருக்கும் ஒரு ஒயர் உண்டு. அது 10 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட மாதத்துக்கு 7.2 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, வண்டி அசையாமலேயே! என் ஃபியட்டில் அந்த ஒயருக்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். நிலையங்களை மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் மாட்டிப் பாட்டு வரும்போது கூடவே 'டிக் டிக்' என்று ஒரு தாளமும் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தாளம் வேகமெடுத்தால், அது ஸ்பார்க் பிளக்கின் வேலை. 5 கிலோ ஓம் மின்தடை உள்ள பிளக் தொப்பிகளைப் போடுங்கள். ஊளையிடுவதுபோல் ஏறி இறங்கினால் டைனமோ பிரஷ்கள். டைனமோவின் பெரிய முனையில் 1 மைக்ரோ பேரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டால் அடங்கும். எஃப் முனையில் மட்டும் போடக்கூடாது. காயிலிலும் அப்படியே: சுவிட்சிலிருந்து வரும் பக்கம் போடலாம், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் ஆகாது. இத்தனையும் செய்த பிறகும் மத்திய அலையில் இரைச்சல் நிற்காவிட்டால், சிகரெட் லைட்டரில் செருகியிருக்கும் மலிவு விலை போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

கடைசியாக ஆன்டெனா. எஃப்எம்முக்கு 75 சென்டிமீட்டர் உயரம் சரியாக இருக்கும். அலைநீளம் சுமார் 3 மீட்டர், அதில் கால் பங்கு. மத்திய அலைக்கு நீளம் கூடக்கூட நல்லது. பழைய செட்டின் ஓரத்தில் 'ட்ரிம்மர்' திருகு ஒன்று இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மங்கலான நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி உச்சத்துக்கு வரும்வரை அதை மெல்லத் திருப்ப வேண்டும். ஆன்டெனாவின் அடியில் பெயின்டைச் சுரண்டி, தகட்டோடு நன்றாக எர்த் ஆக்குங்கள். மேல் வளையத்தின் ரப்பர் நைந்திருந்தால் மழைநீர் ஒயர் வழியே செட்டுக்குள் இறங்கும். அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

கழற்றிய பழைய செட்டைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். எந்த ஒயர் எங்கே போயிற்று என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, குமிழ்களைத் தனிப் பொட்டலமாக்கி, பரணில் வையுங்கள். டேஷ்போர்டை வெட்டவில்லை அல்லவா, வேண்டியவர் வேண்டும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.