பணிவு என்றால் என்ன?

ரேஷன் கடையில் கூட்டம். ஓர் அம்மா தராசைப் பார்க்கிறார்.

"ஐயா, அரிசி எடை குறையுதே?" என்று கேட்கிறார்.

கடைக்காரருக்குக் கோபம் வருகிறது. "ஏம்மா, முதல்ல பணிவாப் பேசக் கத்துக்கோ" என்கிறார்.

அந்த அம்மா வாயை மூடிக்கொள்கிறார். குறைந்த அரிசியோடு வீட்டுக்குப் போகிறார்.

அவர் பேசியதில் பணிவு இல்லையா? 'ஐயா' என்றுதானே கேட்டார்?

பணிதல் என்றால் வளைதல், வணங்குதல். அதிலிருந்து வந்த சொல்தான் பணிவு. இந்தியில் 'நம்ரதா' என்பார்கள். 'நமஸ்காரம்' என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். அந்த வேருக்கும் வளைதல் என்றே பொருள்.

நெற்கதிரைப் பாருங்கள். மணி முற்றினால் தலை சாய்கிறது. தன் எடையால் சாய்கிறது. யாரும் அதைப் பிடித்து வளைப்பதில்லை.

ஆனால் இந்தச் சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? பெரிய அதிகாரி ஒருவர் எழுந்து நின்று நம்மிடம் பேசினால், "எவ்வளவு பணிவு!" என்று புகழ்கிறோம். கூலி வேலை செய்பவர் நிமிர்ந்து நின்று பேசினால், "பணிவே இல்லை" என்று திட்டுகிறோம். மேலே இருப்பவருக்கு அது புகழ்ச்சி. கீழே இருப்பவருக்கு அது கட்டளை.

கேரளத்தில் ஒரு காலத்தில் இந்தக் கட்டளை மிகக் கொடுமையாக இருந்தது. புலையர் முதலிய சாதியினர் மேல்சாதியார் முன்னால் 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். அடிமை என்று பொருள். பொதுச் சாலையில் நடக்கவும் அவர்களுக்குத் தடை.

1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி என்பவர் ஒரு வில்வண்டி வாங்கினார். காளைகளைப் பூட்டினார். தலைப்பாகை கட்டிக்கொண்டு அந்தச் சாலையிலேயே வண்டியில் போனார். மேல்சாதியார் எதிர்த்தார்கள். அவர் திரும்பவில்லை. அவரும் புலையர்தான். அவர் உடைத்தது பணிவை அல்ல, அடிமைத்தனத்தை.

காந்தியின் வாழ்க்கையில் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 1901இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அங்கே கழிப்பிடம் நாறிக் கிடந்தது. தொண்டர்களிடம் சொன்னார். அது துப்புரவாளர் வேலை என்றார்கள். காந்தி ஒரு துடைப்பம் வாங்கித் தானே சுத்தம் செய்தார். வக்கீலுக்குப் படித்தவர் அவர்!

1917இல் அவர் பீகாரில் உள்ள சம்பாரணுக்குப் போனார். அங்கே அவுரி பயிரிட்ட விவசாயிகளின் குறைகளைக் கேட்டார். மாவட்டத்தை விட்டு வெளியேறு என்று வெள்ளைக்கார அரசு உத்தரவு போட்டது. அவர் போகவில்லை. மோதிஹாரி நீதிமன்றத்தில் நின்றார். உத்தரவை மீறியது உண்மை என்று ஒப்புக்கொண்டார். மரியாதையான சொற்களில்தான் பேசினார். ஆனால் போக மாட்டேன் என்றார். கடைசியில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது.

துடைப்பத்துக்குக் குனிந்தவர் அந்த உத்தரவுக்குக் குனியவில்லை.

நாம் மனு எழுதும்போது "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுகிறோம். வட மாநிலங்களில் மனுவுக்கு 'பிரார்த்தனா பத்ர' என்றே பெயர். வேண்டுதல் கடிதம் என்று பொருள். சாமியிடம் வேண்டுவது போல! வழக்கம் என்றால் எழுதிவிட்டுப் போகலாம், தவறில்லை. ஆனால் கெஞ்ச வேண்டியதில்லை. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு உரிய சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

அந்த அம்மா, உணவு வழங்கல் அலுவலகத்தில் உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். என் குடும்ப அட்டைக்கு இந்த மாதம் எத்தனை கிலோ அரிசி ஒதுக்கப்பட்டது? எத்தனை கிலோ கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது? இந்த விவரங்களைத் தரவும்."

கீழே முகவரி, அட்டை எண், தேதி. பிறகு அவருடைய கையெழுத்து.