வரமாட்டார்கள் என்றார்கள்

போதை ஊசி போடுகிறவர்களைப் பற்றி மருத்துவத் துறையில் நெடுங்காலமாக ஒரு தீர்ப்பு புழங்கிவந்தது. அவர்கள் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். வந்தாலும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டுக் குணமானாலும் திரும்ப ஊசிக்குத்தான் போவார்கள். இதில் முதல் இரண்டும் பொய் என்று ஆராய்ச்சி காட்டிவிட்டது. அப்படிக் காட்டிய ஊர்களில் சென்னையும் ஒன்று என்பது சென்னைக்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் எடுத்த ரத்தம் வேலூர் சி.எம்.சி.க்குப் போய்ச் சோதனையானது. அவை பாலியல் தொழிலாளர்களின் மாதிரிகள். ஊசி வழியாகவும் இது பரவும் என்பதை அன்று இங்கே யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மணிப்பூர் அந்த நினைப்பை மாற்றியது. 1989 செப்டம்பர் வரை அங்கே ஹெராயின் ஊசி போடுகிறவர்களில் சோதித்த ஒருவருக்கும் எச்.ஐ.வி. இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் பாதிப் பேருக்கு இருந்தது. ஒரே ஊசி பல கை மாறியதுதான் காரணம். அரசு அவர்களில் பலரைப் பிடித்துச் சிறையில் போட்டது.

சென்னையின் வழி வேறு. எண்பதுகளில் பிரவுன் சுகர் புகைத்துப் பழகியவர்கள், தொண்ணூறுகளில் பூப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர் சுரேஷ் குமாரும் சக ஆய்வாளர்களும் சென்னையின் ஊசிப் பழக்கத்தை நேரில் ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள். போதை என்றாலே போலீஸ் விவகாரம் என்றிருந்த காலத்தில் அதை உடல்நல விவகாரமாகப் பார்த்த எழுத்து அது.

எச்.ஐ.வி.யைப் பார்த்து எல்லோரும் அலறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஊசிகளில் சத்தமில்லாமல் இன்னொன்றும் பயணம் செய்தது. கல்லீரலைத் தின்னும் அந்தக் கிருமிக்கு 1989 வரை பெயர்கூடக் கிடையாது. ‘ஏ-யும் இல்லாத, பி-யும் இல்லாத’ மஞ்சள் காமாலை என்றுதான் குறித்துவைத்தார்கள். மைக்கேல் ஹோட்டனின் குழு அதை அடையாளம் கண்ட பிறகே ஹெபடைடிஸ் சி ஆனது. அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு வர 2020 ஆயிற்று.

இரண்டும் ஒரே வழியில் வந்தாலும் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்திய அளவுக்கு ஹெபடைடிஸ் சி-யைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஏன் என்று புரிய ஒரு சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். ஊசியைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற ரகமாக இருந்தால், பிஸ்டனைக் கடைசிவரை அழுத்தினாலும் ஊசி பொருந்தும் கழுத்தில் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். ஏறத்தாழ 84 மைக்ரோலிட்டர். ஒரு துளியை விடச் சற்று அதிகம். சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போடுகிற, ஊசி ஒட்டியே இருக்கும் சிரிஞ்சில் தங்குவது வெறும் 2 மைக்ரோலிட்டர். இப்படித் தங்கும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று 2010இல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். சில சிரிஞ்சுகளில் 63 நாள் வரை இருந்தது. போன மாதம் ஒருவர் போட்டுவிட்டுச் சுவர் இடுக்கில் செருகிவைத்த ஊசி, இந்த மாதமும் தொற்றைத் தரலாம் என்று அர்த்தம். ஊசி மட்டும் அல்ல. மருந்து கரைக்கிற மூடி, வடிகட்டுகிற பஞ்சு, கலக்குகிற தண்ணீர் வழியாகவும் அது தொற்றும். ஆளுக்கொரு புது ஊசி கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்ற பழைய கணக்கு இங்கேதான் உதைத்தது.

சரி, வந்துவிட்டது. சிகிச்சை? அன்றைய சிகிச்சை இன்டர்ஃபெரான். கிருமியின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், மூட்டு வலி, ரத்த சோகை, மனச்சோர்வு எல்லாம் உடன் வரும். இவ்வளவு பட்டும் குணமாகாதவர்கள் ஏராளம். 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, ஊசிப் பழக்கத்தை விட்டு ஆறு மாதமாவது ஆனவர்களுக்கே இதைக் கொடுக்கலாம் என்றது. 2002இல் அதைத் தளர்த்தி, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். ஆனால் ‘முதல்ல ஊசியை விட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்’ என்கிற மனப்பான்மை அவ்வளவு சீக்கிரம் தளரவில்லை. சிகரெட்டை விடாதவருக்கு மாரடைப்புச் சிகிச்சை கிடையாது என்று எந்த மருத்துவமனையாவது சொல்லுமா?

சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பு, 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து சென்னையில் ஒரு நெடுந்தொடர் ஆய்வைத் தொடங்கியது. ஊசி போடுகிற 1,158 பேர் அதில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி., பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி. இவர்கள் அதே வயதுப் பொதுமக்களைப் போல 11 மடங்கு வேகத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். அளவு மீறிய மருந்து, எய்ட்ஸ், விபத்து, காசநோய் என்று காரணம் பல. அந்த எண்ணிக்கையைத் தாண்டி எனக்கு முக்கியமாகப் படுவது, ‘வரமாட்டார்கள்’ என்று சொல்லப்பட்ட 1,158 பேர் வந்தார்கள் என்பதுதான்.

2013இல் இதே போன்ற ஆய்வு இந்தியாவின் 15 ஊர்களுக்கு விரிந்தது. சேர்ந்தவர்கள் 14,481 பேர். எப்படிச் சேர்த்தார்கள் என்பது சுவையான விஷயம். பட்டியல் கிடையாது, வீட்டு விலாசம் கிடையாது. கணக்கெடுக்க யாரும் கதவைத் தட்ட முடியாது. அதனால் முதலில் ஒரு சிலரைப் பிடித்து, ஆளுக்கு இரண்டு கூப்பன் கொடுத்தார்கள். தெரிந்த நண்பர்களிடம் கொடுத்து அனுப்பு என்றார்கள். கூப்பனோடு வந்தவருக்கும் இரண்டு கூப்பன். வந்தவர்களுக்கும் அனுப்பியவர்களுக்கும் ஒரு சிறு தொகை. வெவ்வேறு பெயரில் இரண்டு முறை வந்துவிடக்கூடாது என்று கைரேகை. அந்த ரேகையும் படமாக இல்லாமல் வெறும் குறியீடாகவே சேமிக்கப்பட்டது, போலீஸ் கையில் சிக்கினாலும் பயன்படாதபடி. போலீஸும் மருத்துவமனையும் எட்ட முடியாதவர்களை நட்பு எட்டியது.

கண்டதோ வயிற்றைக் கலக்கும் செய்தி. 37 சதவீதம் பேருக்கு ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களில், தனக்கு இது இருக்கிறது என்று ஏற்கெனவே அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. எப்போதாவது சிகிச்சை எடுத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வரமாட்டார்கள் என்றவர்கள், வந்து பார் என்று கூப்பிட்டதே இல்லை.

அதே 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. ஹெபடைடிஸ் சி-யை மாத்திரையால் விரட்டலாம் என்றானது; ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைக்க, 2015இல் இங்கேயே செய்த மருந்து வந்தது. விலை பல மடங்கு இறங்கியது. சென்னையில் உடனே ஒரு சிறு சோதனை நடந்தது. ஊசி போடுகிற 50 பேருக்கு, களப்பணியாளர்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்த் தினமும் மாத்திரை கொடுத்து, விழுங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பன்னிரண்டு வாரச் சிகிச்சை பெற்ற பிரிவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் குணமானார்கள். சர்வதேச ‘சிம்ப்ளிஃபை’ ஆய்வு இன்னும் தெளிவு: அண்மையில் ஊசி போட்டிருந்த 103 பேரில் 94 சதவீதம் குணம்.

பிறகு இன்னொரு படி. ஐந்து நாடுகளில் 399 பேருக்குப் பன்னிரண்டு வார மாத்திரை மொத்தத்தையும் முதல் நாளே கையில் கொடுத்து அனுப்பினார்கள். நடுவில் ரத்தச் சோதனையும் இல்லை, வருகைப் பதிவும் இல்லை. 95 சதவீதம் பேர் குணமானார்கள். பலருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது, ஊசிப் பழக்கம் இருந்தவர்களும் அதில் உண்டு. இதை வழிநடத்தியவர் சுனில் சாலமன், சுனிதியின் மகன். ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள்’ என்ற இரண்டாம் குற்றச்சாட்டுக்கு எதிராக இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டில் பாதி உண்மை. குணமானவருக்கு மறுபடி தொற்றலாம். இந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை. ஆனால் அதற்கான பதில், சிகிச்சையை மறுப்பது அல்ல. சுத்தமான ஊசியும், போதை ஊசிக்கு மாற்றாக நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பதுதான். சட்டமும் இப்போது ஓரளவு கைகொடுக்கிறது. 2017 எச்.ஐ.வி. சட்டத்தின்படி, தொற்றைத் தடுக்கச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமாகாது. ஆனால் 1985இன் போதைப்பொருள் சட்டத்தில் உட்கொள்வதே குற்றம். ஒரு கை ஊசியை நீட்ட, மறு கை விலங்கை நீட்டுகிறது.

இந்தச் சேவைகளுக்கென்று கட்டடம் கட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது என்பதையும் ஆராய்ச்சியே சொல்லிவிட்டது. 22 இடங்களில், பாதியில் எல்லாச் சேவையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து பார்த்தார்கள். அங்கே வந்தவர்கள் நன்றாகப் பயனடைந்தார்கள். ஆனால் ஊர் முழுக்க எடுத்துப் பார்த்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர் எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும்படி கூடவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. கூப்பன் கொடுத்த நண்பன் எட்டிய இடத்தை ஒரு பெயர்ப்பலகை எட்டாது.

இதற்கிடையே தமிழ்நாட்டில் இன்னொரு தலைமுறை கிளம்பியிருக்கிறது. வலி நிவாரண மாத்திரையைப் பொடித்து, கரைத்து, ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. எத்தனை மாத்திரை பிடிபட்டது, எத்தனை பேர் கைது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த ஊசி எத்தனை பேரிடம் சுற்றியது என்று யாரும் கேட்பதில்லை.

2018 ஜூலை 28 முதல் ஹெபடைடிஸ் சி சிகிச்சை அரசுத் திட்டத்தில் இலவசம். பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வார மாத்திரை போதும். எப்போதோ, ஒரே ஒரு முறை, இன்னொருவர் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டவராக இருந்தாலும், அப்படி ஒருவரைத் தெரிந்தவராக இருந்தாலும், அரசு மருத்துவமனையில் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். எதிர்ப்பொருள் சோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தால், கிருமி இப்போதும் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. சோதனையையும் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவரோடு கூடப் போங்கள்.