நிரை நடந்த கால் அஞ்சடியில் உட்காரலாமா?



எங்கள் தோட்டத்தில் ஓர் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு, பிறகு 500 மரம், மறுபடியும் அதே நிரையில் பால் எடுக்க ஒரு நடை, தோளில் காண்டா வாளி. 60 வயதில் ஓய்வு பெற்றார். எட்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். தாகம் அடங்கவில்லை, ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது என்றார். விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சீனி 17 காட்டியது. வேலையில் இருந்தபோது இதே மாத்திரையில் 8, 9 என்றுதான் இருக்கும்.

"நான் ஒண்ணும் கூட்டலையே ஐயா, எப்பவும் குடிக்கிற தேத்தண்ணிதான், எப்பவும் திங்கிற சோறுதான்" என்றார்.

சங்கதியே அதுதான். சாப்பாடு 500 மரத்துக்கு உண்டான சாப்பாடு. மரம்தான் இல்லை.

கை கால் தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சீனியைத் தானே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கும். நடந்து முடித்து பல மணி நேரம் வரை அந்தப் பலன் இருக்கும், பிறகு போய்விடும். அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் சும்மா இருக்கக் கூடாது என்கிறோம். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியரில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஒரு லயத்தில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மனசு வரவில்லை. "அம்மா உழைச்சது போதும்" என்று துணி துவைக்க மெஷின் வாங்கித் தந்தார்கள். கடைக்குப் பேரன் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான். அம்மா அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாசம்தான், ஆனால் அதிலேதான் சீனி ஏறியது.

நடக்கச் சொன்னேன். "வேலையில்லாம ரோட்டுல நடந்தா நாலு பேரு சிரிப்பாங்க ஐயா. நாய் வேற, லாரி வேற."

மூன்றும் உண்மை. டவுனில் இருப்பவருக்குப் பூங்கா உண்டு, நமக்குச் செம்மண் ரோடும் செம்பனைப் பழ லாரியும்தான். ஆகவே லாரி ரோட்டை விட்டு, லயத்துக்குப் பின்னால் கோயில் வரை போய் வரச் சொன்னேன். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் பிறகு 10 நிமிஷம். துணைக்கு ஒருவர், கையில் குச்சி. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மழை நாளில் நாற்காலியில் 10 தடவை உட்கார்ந்து எழுந்தாலும் தொடைக்கு வேலைதான்.

செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். மூடிய சப்பாத்து இன்னும் நல்லது. இந்த வியாதியில் காலின் உணர்ச்சி மங்கிவிடும். செம்பனை முள் ஏறி மூன்று நாள் தெரியாமல் நடந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி படுக்குமுன் பாதத்தை ஒருமுறை பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

குலை வெட்டப் போகிறவர்களுக்கு ஆபத்து வேறு பக்கம். நடை போதும், வயிறுதான் காலி. விடிகாலையில் கிளிகிளாசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போனால், பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை, தெளிந்ததும் ரொட்டி, சோறு ஏதாவது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உடனே கிளினிக்குக்குத் தூக்கி வாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், என்னிடம் வந்து பேசுங்கள்.

அந்த அம்மாவுக்கு நாலு மாதத்தில் 10க்குக் கீழே வந்திருக்கிறது. மாத்திரையைத் தவறாமல் போட்டதும், தேத்தண்ணியில் பாலைக் குறைத்ததும் சேர்ந்துதான். இப்போது அவரோடு மூன்று பேர் நடக்கிறார்கள், யாரும் சிரிக்கக் காணோம். கோயில் பாதையில் இரண்டு விளக்கு எரியவில்லை. கிளைச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம், நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொன்னார். அதுவரை இருட்டுமுன் நடையை முடித்துக்கொள்கிறார்கள்.