பாவித்த கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கிலோமீற்றரைக் கணக்கிடுங்கள்

அண்மையில் இளம் வியாபாரி ஒருவர் எம்மைச் சந்தித்து ஓர் ஆலோசனை கேட்டார். தந்தையின் ஜவுளிக் கடையைப் பொறுப்பேற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கொழும்பில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் கூரை திறந்து மூடும் கார் ஒன்றைக் கண்டிருக்கிறார். பழையதுதான். என்றாலும் பாதையில் போவோர் திரும்பிப் பார்க்கும் அழகு. ஏறத்தாழ அதே விலைக்கு ஐந்து கதவுள்ள டீசல் கார் ஒன்றும் தரகர் மூலம் வந்திருக்கிறது. "இரண்டில் எதை எடுப்பது?" என்பதே அவருடைய கேள்வி.

நாம் காரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். அவரிடம் பதில் இல்லை. கடையில் எந்தத் துணி எத்தனை யார் இருக்கிறது என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அவர். நம்மில் பலருடைய நிலையும் இதுதான். பொருள் வாங்கும்போது சதத்தைக் கூடக் கணக்கிடுகிறோம். கார் வாங்கும்போது மட்டும் கண்ணை நம்பி விடுகிறோம்.

முன்பென்றால் இந்தத் தவறை ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் நாட்டிலிருந்த பழைய கார்களின் விலை பன்மடங்கு ஏறியது. தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட போதிலும், கடுமையான வரிகளோடுதான் திறக்கப்பட்டது. எனவே பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஒரு காருக்குக் கூட ஒரு சிறு கடையின் முதலுக்குச் சமமான தொகை தேவைப்படுகிறது. பிழையான காரில் முடங்குவது கடையில் சுழல வேண்டிய பணமாகும்.

கூரை திறக்கும் கார்

இந்த வகைக் கார் மோசமானது என்று நாம் சொல்லவில்லை. மஸ்தா எம்எக்ஸ்-5 போன்றவை உலகெங்கும் விரும்பப்படும் வாகனங்கள். ஆனால் அதில் இருப்பது இரண்டே ஆசனங்கள். பின்பெட்டியில் இரண்டு பயணப் பைகளை வைப்பதே பெரிய காரியம். குடும்பத்தோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதற்கும் வேறு வாகனம் தேட வேண்டும்.

அதைவிட முக்கியம் நமது காலநிலை. பகல் வெயிலில் கூரையைத் திறக்க முடியாது. மழைக் காலத்திலும் திறக்க முடியாது. துணிக் கூரையும் அதைச் சுற்றியுள்ள றப்பர் பட்டிகளும் வெயிலில் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆசனத்தின் கீழுள்ள தகடு துருப்பிடிக்கும். கூரை மின்மோட்டாரில் இயங்குவதாக இருந்தால் அது பழுதானால் செலவு வேறு. வாங்குவதற்கு முன் பஞ்சிகாவத்தைக்கு ஒரு தடவை போய், அந்தக் காரின் முன் விளக்கும் கூரை றப்பரும் கிடைக்குமா என்று நான்கு கடைகளில் விசாரித்துப் பாருங்கள். கிடைக்கும் பதிலே முடிவைச் சொல்லிவிடும். விற்கும்போதும் இதே சிக்கல்தான். வாங்குபவர் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

டீசல் என்றால் இலாபமா?

"டீசல் என்றால் சிக்கனம்" என்பது நமது வியாபாரிகளிடையே நீண்ட காலமாக நிலவும் நம்பிக்கை. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று விலை, மற்றது என்ஜின்.

விலை என்ற காரணத்தை இனியும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாவாகவும் ஒட்டோ டீசல் 121 ரூபாவாகவும் இருந்தன. வித்தியாசம் 56 ரூபா. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா. ஆறு மாதங்களில் வித்தியாசம் 10 ரூபாவாகச் சுருங்கியது. மலிவு டீசலை நம்பி வாகனம் எடுத்தவர்களின் கணக்கு அந்த ஆறு மாதத்தில் தலைகீழானது.

என்ஜின் என்ற காரணம் இன்றும் உண்மை. பெற்றோல் என்ஜினில் பிளக் தீப்பொறி தருகிறது. டீசலில் தீப்பொறி இல்லை. காற்றை ஏறத்தாழ இருபது மடங்கு வரை நெருக்கும்போது உண்டாகும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இதனால் எரிபொருளின் சக்தி கூடுதலாகப் பயன்படுகிறது. ஒரு லீற்றர் டீசலில் இருக்கும் சக்தியும் பெற்றோலை விட நூற்றுக்குப் பத்துப் பங்களவு அதிகம். எனவே அதே அளவு காரில் டீசல் கூடுதல் தூரம் ஓடும்.

ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாகங்கள் விலை கூடியவை. பம்ப், இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றில் ஒன்று போனாலும் ஒரு வருடம் மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் கராஜுக்குப் போய்விடும். பழைய கொரோலா டீசல், டாட்டா இண்டிகா போன்றவற்றின் என்ஜின்களை ஊர் கராஜ்களிலும் பிரித்துப் பூட்டுவார்கள். கணினியால் இயங்கும் புதிய டீசல் என்ஜின்கள் அப்படியல்ல. அவற்றுள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றும் உண்டு. நீண்ட தூரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இலகுவுக்காக இரண்டு எரிபொருளும் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றரும் டீசல் கார் 18 கிலோமீற்றரும் ஓடுகின்றன. டீசல் காரின் விலை 4 இலட்சம் ரூபா அதிகம்.

முதலாமவர் மாவனல்லையில் கடை வைத்திருக்கிறார். பொருள் எடுக்க வாரத்தில் மூன்று தடவை புறக்கோட்டைக்கு வருகிறார். போக வர ஏறத்தாழ 180 கிலோமீற்றர். மாதம் 2,400 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறார். பெற்றோல் என்றால் 200 லீற்றர், 60,000 ரூபா. டீசல் என்றால் 133 லீற்றர், 40,000 ரூபா. மாதம் 20,000 ரூபா மிச்சம். மேலதிகமாகக் கொடுத்த 4 இலட்சமும் 20 மாதங்களில் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வருவது அவருடைய இலாபம்.

இரண்டாமவரின் கடை தெஹிவளையில். மாதம் 600 கிலோமீற்றர்தான் ஓடுகிறார். பெற்றோலுக்கு 15,000 ரூபா, டீசலுக்கு 10,000 ரூபா. மிச்சம் 5,000 ரூபா மட்டுமே. 4 இலட்சம் திரும்பி வர 80 மாதங்கள், அதாவது ஆறு வருடமும் எட்டு மாதமும் எடுக்கும். இடையில் ஒரு தடவை பம்ப் வேலை வந்தால் அந்தக் கணக்கும் சரிவராது.

ஒரே கார், ஒரே விலை. ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு நட்டம். இதனால்தான் கிலோமீற்றரை முதலில் கேட்டோம். எரிபொருள் விலை மாறும்போது இதே கணக்கை அன்றைய விலையில் போட்டுப் பாருங்கள்.

காரைப் பார்க்கும்போது

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சூடான என்ஜின் தன் நோயை மறைக்கும். நீங்கள் போகும்போது பொனட் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஒயில் எரிகிறது. டீசலில் தொடர்ந்து கரும்புகை வந்தால் இன்ஜெக்டரிலோ காற்று வடிகட்டியிலோ கோளாறு. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள்.

மீற்றரில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். மீற்றர் 60,000 என்று காட்ட, பிரேக் பெடலின் றப்பர் தேய்ந்து ஸ்டியரிங் பளபளத்து சாரதி ஆசனம் அமிழ்ந்திருந்தால் எதை நம்புவது என்பது உங்களுக்கே தெரியும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். டீசல் என்ஜினில் அது அறுந்தால் வால்வுகளும் பெரும்பாலும் சேதமாகும்.

இன்னொன்று வெள்ளம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம் பல மாவட்டங்களைத் தாக்கியது. தண்ணீரில் நின்ற வாகனங்கள் கழுவி மெருகூட்டப்பட்டு வேறு ஊரில் விற்பனைக்கு வரலாம். ஆசனப் பட்டியை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். காபெட்டைத் தூக்குங்கள், மணத்தைக் கவனியுங்கள், ஆசனத்தின் கீழ் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

ஆவணங்களில் ஏமாறாதீர்கள்

கார் நன்றாக இருந்து ஆவணம் பிழையாக இருந்தால் பணம் போனது போனதுதான். பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைப் பாருங்கள். அதிலுள்ள செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் வாகனத்திலுள்ள இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இலக்கத் தகட்டின் எழுத்தைப் பார்த்து விலை பேசுவது நமது வழக்கம். ஆனால் மீள்திருத்தப்பட்டு இறக்குமதியான வாகனங்கள் உற்பத்தியாகி சில வருடங்களின் பின்னரே இங்கு பதியப்பட்டிருக்கும். எனவே உற்பத்தி வருடத்தையும் பாருங்கள்.

சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். இருந்தால் மீதிக் கடனை விற்பவரின் கையில் கொடுக்காதீர்கள். அவரோடு சேர்ந்து நிறுவனத்துக்குப் போய், நேரடியாகச் செலுத்தி, விடுவிப்புக் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் தவணையைக் கட்டாமல் விட்டால் உங்கள் வாசலில் நிற்கும் காரைத்தான் எடுத்துச் செல்வார்கள்.

"ஓப்பன் பேப்பர்" என்ற பெயரில், பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவங்களோடு கைமாறும் வாகனங்கள் ஏராளம். பதிவிலுள்ளவர் மரணித்தாலோ வெளிநாடு போனாலோ பெயர் மாற்றம் பெரும் சிக்கலாகும். விற்பவருக்கும் இதில் ஆபத்துண்டு. விபத்தோ குற்றமோ நடந்தால் பொலிஸார் முதலில் தேடி வருவது பதிவிலுள்ளவரைத்தான். வாங்கியவுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிவிடுங்கள்.

பணத்தை எப்படித் திரட்டினாலும்

மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 20 இலட்சம் எடுத்து மாதம் 48,000 ரூபா வீதம் ஐந்து வருடம் கட்டினால் மொத்தம் 28 இலட்சத்து 80 ஆயிரம். அதை லீசிங் வட்டி என்று சொன்னாலும் இஜாரா வாடகை என்று சொன்னாலும், கட்டப்போகும் மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். கையிலுள்ள முழுத் தொகைக்கும் கார் வாங்காதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது டயர், பற்றரி, காப்புறுதி, முதல் பழுதுபார்ப்பு என்பவற்றுக்காக ஒதுக்கி வையுங்கள். கடைக்குச் சரக்கு எடுக்கும் பணத்தில் கை வைக்கவே வேண்டாம்.

நம்மிடம் வந்த இளைஞர் ஒரு மாதம் தந்தையின் பழைய வேனில் மீற்றரைக் குறித்துக்கொண்டு மீண்டும் வந்தார். 640 கிலோமீற்றர். கூரை திறக்கும் காரையும் விட்டார், டீசலையும் விட்டார். சிறிய பெற்றோல் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய பணத்தைப் பெருநாள் சரக்குக்குப் போட்டார். நீங்களும் தரகருக்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன், இன்று மாலை கடை மூடும்போது மீற்றரிலுள்ள இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே திகதியில் மீண்டும் பாருங்கள். எந்தக் கார் உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்தக் கொப்பி சொல்லும்.