எழுதியவரே பாடும் பாட்டு

தமிழ் சினிமாப் பாட்டு ஒரு கூட்டு வேலை. மெட்டுப் போடுகிறவர் ஒருவர், வரி எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர், திரையில் வாயசைக்கிற நாயகன் வேறொருவர். அந்தக் கூட்டு வேலையில் பிறந்த அற்புதங்களைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால், ராப்பில் வரி எழுதுகிறவரும் பாடுகிறவரும் முகம் காட்டுகிறவரும் ஒரே ஆள். என் காது அந்தப் பக்கம் திரும்பியதே அதனால்தான். எனக்குத் தாளக் கணக்கு தெரியாது, ஸ்டுடியோ நுட்பம் தெரியாது. பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிற ரசிகன். அப்படிக் கேட்கிறவனுக்கே இந்த வித்தியாசம் நன்றாக உறைக்கிறது.

தமிழ் ராப் என்றதும் பலரும் 1994-ல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பைத்தான் சொல்வார்கள். ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில், தேனி குஞ்சரம்மாளின் குரல் நடுவில் புகுந்து கலக்கும் அந்தப் பாட்டு இன்றும் சலிக்கவில்லை. இருந்தாலும் அது ஒரு படத்தின் தேவைக்காகப் பிறந்தது. ராப்பையே தொழிலாகவும் பேச்சாகவும் எடுத்துக்கொண்டு வந்தவர்களில் முன்வரிசைக்காரர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் சேர்ந்த 'யோகி பி & நட்சத்ரா' குழுவின் 'வல்லவன்' ஆல்பம் 2006-ல் வந்தது. சினிமா இல்லை, நாயகன் இல்லை. அப்படியும் அது தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள்வரை வந்து சேர்ந்தது.

அதில் உள்ள 'மடை திறந்து' பாட்டைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அது ஓயும் இடத்தில் யோகி பியின் கனத்த குரல் இறங்குகிறது. பழைய பாட்டில், வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவு இருக்கிறது. புதியதில், கடல் தாண்டிய ஊரில் தமிழில் ராப் பாடி நிமிர நினைக்கும் இளைஞர்களின் திமிர் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றன. "ராஜா பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹிப் ஹாப் பிறந்ததே இந்த முறையில்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்தைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர். பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதிக்குத்தான் கூட்டம் ஆடுகிறது என்பதைக் கவனித்த அவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தப் பகுதியை மாற்றி மாற்றி நீட்டினார். அந்த நீட்டலின் மேல் பேச்சு ஏறியது, ராப் வந்தது. முன்னோரின் பாட்டை எடுத்து அதன்மேல் தன் சொல்லை வைப்பது இந்தக் கலையில் மரியாதை.

தமிழ் ராப் பாடகர்களைச் சினிமா விடவில்லை, விடவும் விடாது. பெரும்பாலும் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் ராப் தூவி முடித்துவிடுகிறார்கள். விதிவிலக்காக எனக்குப் படுவது 2018-ல் வந்த 'காலா'. மும்பையின் தாராவியைப் பற்றிய படத்துக்கு தாராவி இளைஞர்களான 'டோபடெலிக்ஸ்' குழுவையே எழுதவும் பாடவும் வைத்தார்கள். ஊர்க்காரர்களே பாடும்போது கோபத்துக்கு நடிப்பு தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு ராப்பில் ஹிப்ஹாப் தமிழா ஆதியின் உழைப்பு பெரிது. கோவையிலிருந்து கிளம்பி ராப்பைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனவர் அவர். ஆனால், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கிளப்புல மப்புல' பெண்களுக்குப் புத்தி சொல்ல நின்றதை என்னால் ரசிக்க முடியவில்லை.

என் மனம் நிலைத்து நிற்பது ராப் பாடகர் அறிவிடம். அரக்கோணத்துக்காரர். இயக்குநர் பா.இரஞ்சித்தின் முன்னெடுப்பில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் கானாவும் ராக்கும் ராப்பும் தோளோடு தோள் நின்றபோது அங்கே இருந்தவர். 2021-ல் பாடகி தீயோடு அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யை உலகமே ஆடிக் கேட்டது. ஆடியவர்கள் எல்லோரும் அதன் துக்கத்தைக் கேட்டார்களா என்று தெரியவில்லை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், தலைமுறைகளாக அங்கே வேர்விட்ட லட்சக்கணக்கான தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்தது. அப்படித் திரும்பியவர்களில் அந்தப் பாட்டியும் ஒருவர். பாட்டு கொண்டாட்டமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று அறிவின் குரல் ஒப்பாரிக்குள் இறங்குகிறது. தோட்டத்தைச் செழிக்க வைத்தவர்களுக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்ற ஆற்றாமை அது. இதை வேறொரு நல்ல பாடகர் இன்னும் சுருதி சுத்தமாகப் பாடியிருக்கலாம். ஆனால், பேரன் பாடுவதாக இருந்திருக்காது.

அறிவு பெரிய வெளிச்சத்துக்கு வருமுன்பே, 2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குறள்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சினிமாப் பாட்டுகளுக்குக் கிடைத்த கூட்டத்தில் சிறு பகுதிகூட அதற்குக் கிடைக்கவில்லை. ராப் என்றாலே சத்தம் என்று ஒதுக்கிவைத்திருப்பவர்கள், இந்த வாரம் அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள். வரிகளைக் காதில் வாங்குங்கள்.