வீட்டிலிருந்தே விடையளித்து வருமானம்

விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் போதாமல் தவிப்போம்; இடைப்பட்ட மாதங்களில் கை ஓய்ந்து இருப்போம். காவிரியின் கடைமடையில் உள்ள காரைக்கால் பகுதியில், கோவில்பத்து போன்ற ஊர்களில், இதை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் கறவை மாடு, கோழி வளர்ப்பு, தையல் முதலிய உபதொழில்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இப்போது அவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கைப்பேசியில் வரும் வினாக்களுக்கு வீட்டில் இருந்தபடியே விடையளித்துக் கூலி பெறுவதே அது. இதனை நம்பி இறங்கலாமா என்று பலர் கேட்கின்றனர். அதற்கு விடை காண்போம்.

வினாக்களைக் கேட்பவர் யார்?

ஒரு பொருளை விற்பவர், வாங்குவோரின் கருத்தை அறிய வினாக்கள் கேட்பதுண்டு. மாணவர்களின் பாட ஐயங்களைத் தீர்க்கப் பட்டதாரிகளை நாடும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் இந்நாளில் மிகுதியாகக் கேட்கப்படுவது இயந்திரங்களைப் பழக்குவதற்காகவே. இந்தப் படத்தில் இருப்பது நெற்பயிரா, களையா? இந்த வாக்கியம் சரியான தமிழா? இவ்விரண்டு விடைகளில் எது மேலானது? மனிதர் அளிக்கும் இத்தகைய விடைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகே கணினி ஓரளவு தேர்ச்சி பெறுகிறது.

1770ஆம் ஆண்டில் வியன்னா நகரில், தானே சதுரங்கம் ஆடுவதாகச் சொல்லப்பட்ட ஓர் இயந்திரத்தைக் காட்டி மக்களை வியக்க வைத்தனர். உண்மையில் அதனுள் ஓர் ஆள் ஒளிந்திருந்து காய்களை நகர்த்தினார். துருக்கியர் வேடமிட்ட அந்த இயந்திரத்தின் பெயரைத்தான் அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2005இல் தொடங்கிய தன் இணைய வேலைச் சந்தைக்கு ‘மெக்கானிக்கல் டர்க்’ என்று வைத்தது. இன்றைய இயந்திரங்களின் பின்னேயும் மனித உழைப்பு மறைந்திருக்கிறது என்பதை இப்பெயரே உணர்த்துகிறது.

இத்தகைய கணினி வேலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவுடன் 2007இல் தோன்றிய ‘தேசிக்ரூ’ நிறுவனம், நமக்கு அண்மையில் திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியில் மையம் அமைத்து, கிராமத்து இளைஞர்களுக்குக் கணினி வேலை அளித்தது. பெங்களூரைச் சேர்ந்த ‘கார்யா’ என்னும் இலாப நோக்கமற்ற நிறுவனம், கிராமத்தார் தம் தாய்மொழியில் பேசிப் பதிவு செய்யும் வேலைக்கு மணிக்குச் சுமார் 5 டாலர் வழங்குவதாக 2023இல் செய்தி வெளியாயிற்று. தமிழ் அறிவுக்கும் விலையுண்டு என்பது இதனால் விளங்கும்.

வருவாய் எவ்வளவு?

எல்லா இடத்திலும் இவ்வளவு கிடைப்பதில்லை. மெக்கானிக்கல் டர்க்கில் உழைப்போரின் வருவாயை 2018இல் ஆராய்ந்தவர்கள், நடுத்தர வருவாய் மணிக்குச் சுமார் 2 டாலர்தான் என்று கண்டனர். வேலையைத் தேடும் நேரத்துக்கும், ஏற்கப்படாத விடைகளுக்கும் கூலி இல்லாமையே இதற்கு முக்கியக் காரணம். ஒரு விடைக்கு 1 ரூபாய் வீதம் ஒரு மணி நேரத்தில் 30 விடைகள் அளிப்பதாகக் கொள்வோம். வேலை தேடுவதில் அரை மணி சென்றிருந்தால், மணிக்கு 20 ரூபாய்தான் கிடைத்ததாகும். எனவே செலவிட்ட நேரம் முழுவதையும் ஒரு நோட்டில் குறித்துக் கணக்கிட வேண்டும்.

இவ்வேலை நிலையானதும் அன்று. மாணவர்களின் வினாக்களுக்கு விடையளிக்க இந்தியப் பட்டதாரிகளை அமர்த்திய ‘செக்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பங்கு விலை, 2023 மே மாதத்தில் ஒரே நாளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நாடத் தொடங்கியதே காரணம். ஆகவே இதனை உபதொழிலாகக் கொள்ளலாமேயன்றி, நிலத்தையோ மாட்டையோ விட்டு இதனை நம்புதல் தகாது.

பணம் கேட்பவன் முதலாளி அல்லன்

இத்துறையில் மிகப் பெரிய அபாயம் மோசடியே. முன்பின் அறியாத எண்ணிலிருந்து, ‘வீட்டிலிருந்தே நாள்தோறும் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்’ என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். எளிய வேலைக்கு முதலில் நூறோ இருநூறோ உண்மையாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை பிறந்ததும், உயர்ந்த வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் கணக்கில் பெருகியதாகத் திரையில் தோன்றும். எடுக்க முயன்றால் வரி என்றும் கட்டணம் என்றும் மேலும் கேட்பார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் உண்டு. பகுதிநேர வேலை மோசடியிலும் முதலீட்டு மோசடியிலும் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

உழைப்பவருக்குக் கூலி கொடுப்பதே உலக வழக்கம். நடவுக்கு வரும் பெண்ணிடம் யாரேனும் முன்பணம் கேட்பதுண்டா? இந்த ஓர் அளவுகோலை மனத்தில் கொண்டால் போதும். அன்றியும், நமக்குப் பணம் வந்து சேர இரகசிய எண்ணை இட வேண்டியதில்லை, ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லலாகாது. கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கைப் பிறருக்கு இரவல் கொடுப்பவர், தாமே போலீஸ் விசாரணைக்கு ஆளாவார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

பஞ்சாயத்தின் பணி

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யத்தக்கவை பல. 1930 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையிலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்கலாம். சுய உதவிக் குழுக் கூட்டங்களில், ஏமாற்றுச் செய்திகளைப் படித்துக் காட்டி விளக்கலாம். படித்த இளைஞர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் சிறிது காலம் உழைத்து, கூலி ஒழுங்காக வருகிறதா எனப் பார்த்த பின்பு மற்றவர்கள் சேரும்படி செய்யலாம்.

புதிய விதையை முதலில் ஒரு குழியில் போட்டுப் பார்த்து, விளைந்தால் வயலுக்குக் கொண்டு செல்வது நம் பெரியோர் கண்ட முறை. இப்புதிய தொழிலிலும் அம்முறையையே கைக்கொள்வோம். ஓய்வு நேரத்தைப் பணமாக்குவோம். சேர்த்த பணத்தைக் காப்போம்.